பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியல்: வாய்பாடு வருகிறது, 'துணைக்கோள் ஏன் விழவில்லை' என்றால் பதில் வருவதில்லை

சாக்பீஸ்தூள்

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஆறாவது அலகு ஈர்ப்பியலை அடுத்த வாரம் தொடங்க வேண்டும். போன வருடத்து விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்த இழை.

சுற்றியக்க வேகத்துக்கான வாய்பாட்டைத் தருவிக்கச் சொன்னால் பாதி வகுப்புக்கு மேல் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அதே தாளில் 'விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள்?' என்று ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி இருந்தது. ஏறக்குறைய எல்லாரும் 'அங்கே ஈர்ப்பு விசை கிடையாது' என்றே எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பையன் முந்தின பக்கத்தில் ஈர்ப்பு விசையை மையநோக்கு விசைக்குச் சமப்படுத்தி, துணைக்கோளின் வேகத்தை அழகாகக் கண்டுபிடித்திருக்கிறான். பக்கத்தைத் திருப்பினால் அந்த விசையே அங்கே இல்லை என்கிறான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்ற உறுத்தல் அவனுக்கு இல்லை.

வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? புரொஜெக்டர் இருக்கிறது, கரண்ட் இருந்தால் ஓடும். ஆய்வகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. காசு செலவில்லாத யோசனையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கோச்சிங்_மாஸ்டர்

டீச்சர், நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த அலகுக்கு நமக்குக் கிடைப்பதே சொற்பப் பாடவேளைகள். கெப்ளர் விதிகள், ஈர்ப்புப் புலம், நிலை ஆற்றல், விடுபடு வேகம், துணைக்கோள், எடையின்மை என்று வரிசையாக நிற்கிறது. கதை சொல்ல நேரம் ஏது?

நான் நீட் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். 'பூமி உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே இழுக்கிறது, இரண்டும் சமம், அதனால் விழவில்லை' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கையில் இழுவை தெரியும், பிள்ளைகள் உடனே நம்பிவிடுவார்கள். வருகிற சமன்பாடு ஒன்றுதான். மதிப்பெண்ணும் ஒன்றுதான்.

மொட்டைமாடி

நான் ஆசிரியர் இல்லை. டெலஸ்கோப் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்கிற ஆள். ஆனால் மாஸ்டர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் டீச்சரின் பிரச்சினை மொத்தமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் மிச்ச விசை பூஜ்யம். மிச்ச விசை பூஜ்யம் என்றால் நியூட்டனின் முதல் விதிப்படி துணைக்கோள் நேர்கோட்டில் போய்விட வேண்டும். அது வளைகிறதே, எப்படி? மூன்றாவது அலகில் முதல் விதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆறாவது அலகில் அதை நாமே உடைக்கிறோம். பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்கிறது, வேறு என்ன செய்யும்?

அப்புறம் அந்தக் கயிறு. கையில் தெரிகிற இழுவை உங்கள் கையின் மேல் கயிறு செலுத்தும் விசை. கல்லின் மேல் செயல்படுவது கயிற்றின் உள்நோக்கிய இழுவை மட்டும்தான். சந்தேகமிருந்தால் கல்லை விட்டுவிட்டு ரப்பர் கார்க்கைக் கட்டிச் சுற்றுங்கள், மண்டை தப்பும். சுற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம், 'இந்த இடத்தில் கயிற்றை விட்டால் கார்க் எந்தப் பக்கம் போகும், நோட்டில் வரையுங்கள்' என்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் மையத்திலிருந்து நேர் வெளியே அம்புக்குறி போடுவார்கள். விட்டுக் காட்டினால் கார்க் தொடுகோட்டில் போகும். வெளியே தள்ளுகிற விசை ஒன்று இருந்திருந்தால் அவர்கள் வரைந்த அம்புதானே சரியாகியிருக்க வேண்டும்?

விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கி.மீ உயரத்தில் இருக்கிறது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. எதிர் இருமடி விதியில் போட்டுப் பார்த்தால் அங்கே ஈர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி². தரையில் 9.8. பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. 'ஈர்ப்பு விசை கிடையாது' என்று எழுதின பையனை இந்த ஒரு கணக்கை மட்டும் போட வையுங்கள், அவனுக்கே தூக்கிவாரிப்போடும்.

யாழ்_பௌதிகம்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளும் இதே பதிலைத்தான் எழுதுவார்கள், ஆகவே டீச்சர் கவலைப்பட வேண்டாம், இது கரை கடந்த வருத்தம்.

காசில்லாத ஒரு செய்முறை சொல்கிறேன். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சூடாக்கிய கம்பியால் ஒரு துளை போடுங்கள். துளையை விரலால் பொத்திக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பாயும். இப்போது மேல் மாடியிலிருந்து போத்தலைக் கைவிடுங்கள். விழுந்துகொண்டிருக்கும் அந்த ஒரு விநாடிக்குள் தண்ணீர் பாய்வது நின்றுவிடும். பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரில் கொஞ்சம் சிவப்புச் சாயம் கலவுங்கள். தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் இன்னும் நல்லது.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். அடுத்ததாகப் போத்தலை நேர் மேலே எறியுங்கள். எறிவதற்கு முன் 'மேலே போகும்போது தண்ணீர் என்ன செய்யும்?' என்று கேளுங்கள். கூடுதலாகப் பாயும் என்றுதான் வகுப்பு சொல்லும். கையை விட்ட கணத்திலிருந்து, மேலே ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் தண்ணீர் பாயாது. காற்றுத்தடையால் சொட்டுச் சொட்டாக வந்தால் வரும், அவ்வளவுதான்.

அதாவது 'விழுதல்' என்றால் கீழே வருவது என்றில்லை. ஈர்ப்பு மட்டுமே செயல்பட, வேறு எதுவும் தாங்காமல் போகிற எந்தப் போக்கும் விழுதல்தான். மேலே போகிற போத்தலும் விழுகிறது. சாய்வாக எறிந்த போத்தலும் விழுகிறது. செய்மதியும் அப்படித்தான் விழுகிறது. இந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

சாக்பீஸ்தூள்

சார், மேலே எறிகிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கைவிடுவதை மட்டும் வீடியோவில் பார்த்திருக்கிறேன். இது கட்டாயம் செய்கிறேன். எங்கள் பள்ளியில் முதல் மாடி வராந்தாவிலிருந்து போடலாம், கீழே தலைமையாசிரியர் அறை. நேரம் பார்த்துப் போட வேண்டும்.

பதினொன்று_பி

நான் மாணவன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. ஒரு சந்தேகம். நிலா விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அதன் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டுமே? மாடியிலிருந்து விழுகிற கல்லுக்கு நொடிக்கு நொடி வேகம் கூடுகிறது. நிலாவுக்கு மட்டும் ஏன் அதே வேகம்?

நெறியாளர்

தாராளமாக எழுதலாம் தம்பி. இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

சாக்பீஸ்தூள்

தம்பி, நல்ல கேள்வி. கல்லை நேர் கீழே போடும்போது விசையும் இயக்கமும் ஒரே திசையில் இருக்கின்றன. அதனால் வேகத்தின் அளவு கூடுகிறது. வட்டப்பாதையில் ஈர்ப்பு விசை மையத்தை நோக்கி, இயக்கம் அதற்குச் செங்குத்தாக. செங்குத்தான விசை வேலை செய்யாது என்று நான்காவது அலகில் படித்திருப்பாய். வேலை இல்லையென்றால் இயக்க ஆற்றல் மாறாது, வேகத்தின் அளவும் மாறாது. திசை மட்டும் கணத்துக்குக் கணம் திரும்பும். திசை மாறினாலும் அது முடுக்கம்தான்.

ஆனால் உன் சந்தேகத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை, நீள்வட்டம். பூமியை நெருங்கி வருகிற பாதிச் சுற்றில் விசைக்கு இயக்கத்தின் திசையிலும் ஒரு கூறு உண்டு, அப்போது வேகம் கூடுகிறது. விலகிப் போகிற பாதியில் குறைகிறது. கெப்ளரின் பரப்பு விதி சொல்வது இதைத்தான். நீ கேட்ட மாதிரி யோசித்தால் அந்த விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

மொட்டைமாடி

நிலா பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த கணக்கு இது. ஈர்ப்பு மாறிலியும் வேண்டாம், பூமியின் நிறையும் வேண்டாம்.

நிலாவின் தூரம் 3,84,400 கி.மீ. பூமியின் ஆரத்தைப் போல ஏறக்குறைய 60 மடங்கு. ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நியூட்டன் சொல்வது உண்மையானால், அங்கே முடுக்கம் 9.8-ஐ 3,600-ஆல் வகுத்தால் வருவதாக இருக்க வேண்டும். அது 0.0027 மீ/வி².

இப்போது நியூட்டனை மறந்துவிடுவோம். நிலா ஒரு சுற்றுக்கு 27.3 நாள் எடுக்கிறது. வட்ட இயக்கத்தின் மையநோக்கு முடுக்கத்தை, ஆரத்தையும் சுற்றுக்காலத்தையும் மட்டும் வைத்துப் போடுங்கள். அதுவும் 0.0027 மீ/வி². ஒன்று தரையில் கல் விழுவதிலிருந்து வந்தது, இன்னொன்று காலண்டரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் விடை ஒன்று! இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகு வகுப்பில் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. கொஞ்ச நேரம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தரையில் கல் முதல் ஒரு விநாடியில் 4.9 மீட்டர் விழும். நிலா ஒரு நிமிடத்தில் அதே 4.9 மீட்டர் விழுகிறது. 60 மடங்கு தூரம், 60 மடங்கு நேரம். அந்த ஒரு நிமிடத்தில் அது பக்கவாட்டில் 61 கி.மீ போய்விடுகிறது. தொடுகோட்டிலிருந்து வட்டம் எவ்வளவு தாழ்கிறது என்று பிதாகரஸ் தேற்றத்தில் போட்டாலும் அந்த 4.9 மீட்டர் வரும். ஆக, விழுந்துகொண்டே இருந்தும் பூமிக்கு ஒரு முழம்கூட நெருங்காமல் இருப்பதன் ரகசியம் அந்தப் பக்கவாட்டு வேகம்தான்.

இதையே பூமிக்குப் பக்கத்தில் போட்டால் நியூட்டனின் பீரங்கி வந்துவிடும். பூமி உருண்டை என்பதால் 8 கி.மீ தூரத்துக்குத் தரை ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்கிறது. குண்டு ஒரு விநாடியில் விழுவதும் அதே அளவுதான். அப்படியானால் விநாடிக்கு 8 கி.மீ வேகத்தில் சுட்டால், காற்று மட்டும் இல்லாவிட்டால், குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரையும் தாழ்ந்துகொண்டே இருக்கும். வாய்பாட்டில் போட்டால் 7.9 வரும். முதலில் இது, பிறகு வாய்பாடு. தலைகீழாகப் போனால் 7.9 என்பது மனப்பாடத்துக்கு இன்னொரு எண், அவ்வளவுதான்.

கோச்சிங்_மாஸ்டர்

சரி, கயிற்றில் கை இழுபடுவது கல்லின் மேல் உள்ள விசை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மையவிலக்கு விசையே பொய் என்று சொல்லிவிட முடியாது. பாடப்புத்தகத்திலேயே மூன்றாவது அலகில் இருக்கிறது. புவிநிலைத் துணைக்கோளைக் கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது அசையாமல்தானே நிற்கிறது? அசையாமல் நிற்பதற்கு விசைகள் சரிக்கட்டித்தானே ஆக வேண்டும்?

ஓய்வு_பொறியாளன்

மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராக்கெட் துறையில் கொஞ்ச காலம் கணக்குப் போட்டவன் என்ற முறையில் நடுவில் வருகிறேன்.

பூமியோடு சேர்ந்து சுற்றுகிற குறிப்பாயத்தில், அதாவது பார்க்கிற நாமும் பூமியோடு சுற்றுகிற நிலையில், உட்கார்ந்து பார்த்தால் புவிநிலைத் துணைக்கோள் ஓய்வில் இருக்கிறது. அந்தக் கணக்கில் மையவிலக்கு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும், அது ஈர்ப்பைச் சரிக்கட்டவும் செய்யும். அதில் தவறு கிடையாது. தவறு எங்கே வருகிறது என்றால், வெளியேயிருந்து துணைக்கோள் சுற்றுவதைப் படம் போட்டு, அதே படத்தில் மையவிலக்கு விசைக்கும் ஒரு அம்பு போடுவதில். சுற்றுவதைப் பார்க்கிறவனுக்கு அந்த விசை இல்லை. அந்த விசையைப் பார்க்கிறவனுக்குச் சுற்று இல்லை. ஒரு படத்தில் ஒருவருக்குத்தான் இடம். பதினொன்றாம் வகுப்புக்கு வெளியேயிருந்து பார்க்கிற படமே போதும் என்பது என் எண்ணம்.

கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஊர் பேர் தெரியாத 'ஒரு துணைக்கோள்' எதற்கு? சந்திரயான்-3 இருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று எல்விஎம்-3 ராக்கெட் அதை, பூமிக்கு மிக அருகே வரும் அண்மைப் புள்ளி 170 கி.மீ, மிகத் தள்ளிப் போகும் சேய்மைப் புள்ளி 36,500 கி.மீ என்ற நீள்வட்டத்தில் விட்டது. அண்மைப் புள்ளியில் வேகம் ஏறக்குறைய விநாடிக்கு 10.3 கி.மீ. சேய்மைப் புள்ளியில் எவ்வளவு? கோண உந்தம் மாறாது என்பதை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

பாதிப் பிள்ளைகள் 36,500-ஐ 170-ஆல் வகுப்பார்கள். வேகம் விநாடிக்கு 48 மீட்டர் என்று வரும், ஏறக்குறைய வந்தே பாரத் ரயில் வேகம். அதைத் தப்பு என்று உடனே அடிக்காதீர்கள். 'சந்திரயானும் ரயிலும் ஒரே வேகமா?' என்று மட்டும் கேளுங்கள். உயரம் வேறு, மையத்திலிருந்து தூரம் வேறு என்பது அப்போதுதான் உறைக்கும். பூமியின் ஆரத்தைச் சேர்த்தால் 6,541-க்கும் 42,871-க்கும் உள்ள விகிதம், வேகம் 1.57 கி.மீ. தேர்விலும் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இந்த ஆரத்தைச் சேர்க்க மறந்துதான்.

அப்புறம் இன்னொரு விஷயம், இது எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஜூலை 25-க்குள் சேய்மைப் புள்ளியைச் சுமார் 1,27,600 கி.மீ-க்கு ஏற்றிவிட்டார்கள். அதற்கு எஞ்சினை இயக்கியது பெரும்பாலும் பூமிக்கு மிக அருகில் வரும்போது. அண்மைப் புள்ளியின் வேகம் 10.3-லிருந்து 10.7 ஆகியிருக்கும், அவ்வளவுதான். விநாடிக்கு அரை கிலோமீட்டர்கூடக் கூடவில்லை, பாதையின் மறுமுனை மூன்றரை மடங்கு தள்ளிப்போய்விட்டது. அந்த உயரத்தில் விடுபடு வேகமே 11-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இன்னும் 0.3 கொடுத்தால் பூமியை விட்டே போய்விடும். விடுபடு வேகம் என்றால் என்ன என்று வரையறை எழுத வைப்பதைவிட இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

மெட்ரிக்_மிஸ்

இடையில் ஒரு கேள்வி. அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் பள்ளியில் எலாஸ்டிக் துணியை வளையத்தில் இழுத்துக் கட்டி, நடுவில் குண்டு வைத்து, கோலிக்குண்டுகளை உருட்டிவிடுகிறோம். பெற்றோர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அதை வகுப்பிலும் காட்டலாம்தானே?

மொட்டைமாடி

கண்காட்சிக்குச் சரி, மிஸ். வகுப்புக்கு வேண்டாம் என்பேன். துணி பள்ளமாவதற்கும், கோலி பள்ளத்தில் இறங்குவதற்கும் கீழே பூமி இழுக்க வேண்டும். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிறோம். கூடவே, உராய்வால் கோலி சில சுற்றிலேயே நடுவில் போய் விழுந்துவிடுகிறது. 'கோள்களும் ஒருநாள் இப்படித்தான் சூரியனில் விழுமோ' என்று பிள்ளை வீட்டுக்குப் போகும். முக்கியமாக, அந்தத் துணியின் பள்ளத்தில் கெப்ளரின் மூன்றாவது விதி வராது. அளந்து பார்த்தால் தெரியும்.

மூன்றாவது விதிக்கு வியாழனின் நிலாக்களே போதும். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நான்கு. ஸ்டெல்லேரியம் இலவசச் செயலி, அதில் நேரத்தை ஓட விட்டு எந்த நிலா எத்தனை நாளில் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது என்று பிள்ளைகளே எண்ணலாம். ஐஓ 1.77 நாள், யூரோப்பா 3.55, கனிமீட் 7.15, கலிஸ்டோ 16.69. தூரத்தை வியாழனின் ஆரத்தால் அளந்தால் 5.9, 9.4, 15, 26.3. சுற்றுக்காலத்தின் இருமடியைத் தூரத்தின் மும்மடியால் வகுத்தால் நான்குக்கும் 0.015 என்றே வரும். கரண்ட் போனால் இந்த எட்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நோட்டிலேயே போடச் சொல்லலாம், டீச்சருக்கு அதுதான் வசதி.

மெட்ரிக்_மிஸ்

துணி வாங்கியாகிவிட்டது, இனி என்ன செய்ய. கண்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பதினொன்று_பி

புவிநிலைத் துணைக்கோள் பற்றி மேலே வந்ததால் கேட்கிறேன். சென்னைக்கு நேர் மேலே ஒன்றை நிறுத்தி வைக்க முடியுமா?

ஓய்வு_பொறியாளன்

முடியாது தம்பி. பூமியின் இழுவை எப்போதும் பூமியின் மையத்தை நோக்கித்தான். ஆகவே எந்தத் துணைக்கோளின் சுற்றுத் தளமும் பூமியின் மையம் வழியாகப் போக வேண்டும். சென்னை 13 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நேர் மேலே இருப்பது அரைச் சுற்றுக்குப் பிறகு 13 டிகிரி தெற்கே போயாக வேண்டும். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கி.மீ உயரத்தில், விநாடிக்கு 3.07 கி.மீ வேகத்தில் சுற்ற வேண்டும். வேறு இடமே கிடையாது.

வீட்டுப்பாடம் தருகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் மாடிக்குப் போய் உங்கள் தெருவில் உள்ள டிஷ் ஆண்டெனாக்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று எழுதிக்கொண்டு வா. தமிழ்நாட்டில் எந்த டிஷ்ஷும் வடக்கே பார்க்காது. ஏன் என்று நீயே சொல்லிவிடுவாய். சிலி நாட்டின் தென்பகுதியில் இருக்கிறவர்களுக்கு அப்படியே தலைகீழ்.

இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றுகிற துருவத் துணைக்கோள் கதை வேறு. அதைத் தெற்கே பார்த்து ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கை மேல் போகும் என்பதால் ராக்கெட்டை முதலில் தென்கிழக்கே செலுத்தி, பிறகு வளைக்கிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான், வளைக்க வேண்டிய அவசியம் இல்லை.

யாழ்_பௌதிகம்

எங்களுக்காக இத்தனை காலம் ராக்கெட்டை வளைத்து விட்டதற்கு நன்றி, சேர்!

ஒன்று சேர்க்கிறேன். கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி வேகம் இனாமாகக் கிடைக்கும், நிலநடுக்கோட்டில் விநாடிக்கு 465 மீற்றர். துருவப் பாதைக்கு அந்த இனாம் பயன்படாது. அதனால்தான் அங்கே வளைவினால் ஏற்படும் நட்டம் கூடுதலாகக் கடிக்கிறது. ஒரு திணிவை எந்தப் பக்கம் எறிந்தால் இலாபம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும் கேள்வி.

கோச்சிங்_மாஸ்டர்

என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். நீட் மாதிரித் தேர்வில் பிள்ளைகளை விழ வைக்க நான் கொடுக்கிற கேள்வி: காற்றுத் தடையால் துணைக்கோள் ஆற்றலை இழக்கிறது, அதன் வேகம் என்ன ஆகும்? பத்தில் எட்டுப் பேர் 'குறையும்' என்று போடுகிறார்கள். மொத்த ஆற்றலின் வாய்பாடு தெரியும், ஆனால் விடை மட்டும் தப்பாக வருகிறது.

ஓய்வு_பொறியாளன்

மாஸ்டர், இதை வகுப்பில் வாய்பாட்டோடு சேர்த்து ஒரு கதையாகவும் சொல்லலாம். துணைக்கோள் ஆற்றலை இழந்து தாழ்வான பாதைக்கு வருகிறது. தாழ்வான பாதையில் வேகம் அதிகம். ஆக, தடுக்கத் தடுக்க வேகம் கூடுகிறது. இழந்த நிலை ஆற்றலில் பாதி வெப்பமாகப் போக, மீதிப் பாதி இயக்க ஆற்றலாகிறது.

இதைத் தெரியாதவர்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை. 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், முன்னால் போய்க்கொண்டிருந்த தங்கள் ராக்கெட்டின் கடைசி அடுக்கை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி எஞ்சினை இயக்கினார். நெருங்குவதற்குப் பதில் விலகல்தான் கூடியது. வேகம் கொடுத்தால் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் சுற்றுக்காலம் அதிகம், ஆகவே பின்தங்குகிறோம். முன்னால் போகிறதைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் பிரேக் போட வேண்டும்! எரிபொருள் கரைந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி-6ஏ, ஜெமினி-7 கலங்கள் கணக்குப் போட்டு ஒன்றையொன்று நெருங்கின. நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் 2025 ஜனவரி 16 அன்று இரண்டு துணைக்கோள்களை இணைத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கோச்சிங்_மாஸ்டர்

பிரேக் போட்டால் முந்தலாம். இதை நாளைக்கே சொல்கிறேன், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சாக்பீஸ்தூள்

எல்லாருக்கும் நன்றி. முதல் இரண்டு பாடவேளை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டில் சோதனையை வராந்தாவிலிருந்து செய்தோம். கீழே இரண்டு பெண்கள் போனில் வீடியோ எடுத்தார்கள். முதல் தடவை துளை பெரிதாகிவிட்டதால் கையை விடுவதற்குள் பாதித் தண்ணீர் காலி. துளையை ஊக்கு அளவுக்குச் சிறிதாக்கிய பிறகு நன்றாக வந்தது. மேலே எறிவதற்கு முன் கை தூக்கச் சொன்னேன். 'நிற்கும்' என்று சொன்னவர்கள் மூன்றே பேர். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, பாட்டில் ஏறுகிறது, துளையில் தண்ணீர் இல்லை. ஒரு பெண் 'டீச்சர், அப்போ மேலே போகும்போதே அது விழுதா?' என்று கேட்டாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் செய்தோம், இது என் கணவர் சொன்னது. ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி, போனின் முடுக்கமானியைப் படித்துக் காட்டும். மேசையில் வைத்தால் 9.8 காட்டுகிறது. ஒரு பையன் போனைத் தலையணை மேல் போட்டால் விழும் நேரத்தில் வரைபடம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. 'ஓய்வில் 9.8, விழும்போது பூஜ்யமா? தலைகீழாக இருக்கிறதே' என்று வகுப்பே குழம்பியது. போன் அளப்பது ஈர்ப்பை இல்லை, மேசை அதைத் தாங்குகிற விசையை என்ற இடத்துக்கு வந்து சேர ஒரு பாடவேளை முழுவதும் போய்விட்டது. மாஸ்டர் கோபிப்பார். ஆனால் எடையின்மைப் பகுதியைத் தனியாக நடத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

நிலாக் கணக்கு நாளைக்கு. தருவித்தல் அதற்கு அடுத்த நாள்.

கோச்சிங்_மாஸ்டர்

கோபமெல்லாம் இல்லை. எடையின்மையில் மிச்சம் பிடித்த நேரத்தை விடுபடு வேகத்துக்குக் கொடுங்கள். அந்தத் தருவித்தலில் குறைக் குறியை விட்டுவிடுகிறார்கள், ஒவ்வொரு வருடமும்.

பதினொன்று_பி

டிஷ் வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் சார். எங்கள் தெருவில் பெரும்பாலும் தென்கிழக்கு, சிலது தெற்கு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வடக்கே பார்க்கிறது. அந்த அக்காவிடம் கேட்டேன். கேபிளுக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டதாம், போன மழைக்காற்றில் அதுவாகத் திரும்பிக்கொண்டதாம்.

ஓய்வு_பொறியாளன்

விதிக்கு விலக்கு இல்லை, சரிதான். அடுத்த வீட்டுப்பாடம்: டிஷ்ஷுக்கு வருகிற சிக்னல் அந்த 35,786 கி.மீ-ஐக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒளியின் வேகத்தில் போட்டுப் பார். கிரிக்கெட் பார்க்கும்போது மைதானத்தில் இருக்கிறவனுக்கும் உனக்கும் இடைவெளி குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் எழுது. சிக்னல் மேலே ஏறித்தான் கீழே இறங்குகிறது, அதை மறந்துவிடாதே.